துபாய் பயண நேரம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களுக்கு வணக்கம்.

களியக்காவிளையிலும் பாறசாலையிலும் இரண்டு வாரமாகச் சுற்றிவரும் வாட்ஸ்அப் குரல் பதிவைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் கடைச் சுவரிலுள்ள அட்டவணையில் துபாய்க்கு நான்கு மணி நேரம் என்றிருந்ததை நம்பி, அங்கே இரவு பத்து மணிக்குப் புறப்பட்ட மகனை அழைத்துவர இரண்டு மணிக்கே திருவனந்தபுரம் சாக்கை முனையத்துக்குச் சென்ற தாயார் ஒருவர், விமானம் இறங்கிய மூன்றரை மணி வரை கொசுக்கடியில் காத்திருந்ததாக அதில் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், அந்த அம்மாவிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தோம். ஆனால் "பொய்க் கணக்கு எழுதும் கடை" என்ற சொல்லைத்தான் எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். நேர் விமானத்துக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். துபாய்க் கடிகாரமோ நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சீட்டிலும் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். அங்கே இரவு பத்து என்றால் இங்கே பதினொன்றரை. அதோடு நான்கைக் கூட்டினால் மூன்றரை. இங்கிருந்து போகும்போது கணக்கு தலைகீழ்: அதிகாலை 4.30-க்குப் புறப்பட்டு, நாலேகால் மணி நேரம் பறந்து, அங்கே 7.15-க்கு இறங்குபவருக்கு இரண்டே முக்கால் மணி நேரத்தில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும். அதைப் பாராட்டி இதுவரை யாரும் குரல் பதிவு போட்டதில்லை.

கைப்பேசியில் தூரம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஆயிரத்தைக் கூட்டிவிட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது மைல் கணக்கு. மேலும், சீட்டு விலையை விமான நிறுவனம்தான் வைக்கிறது. தூரத்தைக் கூட்டி எழுதுவதால் எங்களுக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை.

கடிகார வித்தியாசத்தை அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சீட்டு வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் அதை வாயால் விளக்கிவந்த எங்கள் தம்பி, சித்திரை மாதம் தாமும் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். அவருக்குப் பதிலாக இன்னும் ஆள் அமையவில்லை.

புதிய அட்டவணையில் இரு ஊர் நேரங்களும் அருகருகே இருக்கும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுசெல்லும் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் நாள்களில் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்காதென்பதால், அந்த நாள்களையும் அதில் குறித்திருக்கிறோம்.

தகப்பனார் முதன்முதலாகக் கடல் கடந்தபோது இங்கே சீட்டு வாங்கி, இன்று மகனுக்கும் இங்கேயே வாங்க வரும் குடும்பங்கள் பல. குரல் பதிவைக் கேட்ட பிறகும் கடைக்கு வந்து, "நீங்கள் அப்படிச் செய்பவர்கள் அல்ல" என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதவில்லை.

அடுத்த மாதம் முதல் சேவைக் கட்டணம் சீட்டு ஒன்றுக்கு ரூ.100-க்குப் பதிலாக ரூ.200, ஞாயிறு விடுமுறை.

புதிய அட்டவணை வியாழக்கிழமை முதல் கடை வாசலில் இருக்கும். அழைத்துவரப் போகும் உறவினருக்கும் அதைப் படம் பிடித்து அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
விமானச் சீட்டு முன்பதிவு நிலையம்,
களியக்காவிளை