திங்கட்கிழமை இரவுகளுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மான்செஸ்டரின் பெல் வ்யூ ஏசஸ் அணி 2022ஆம் ஆண்டு பிரிட்டனின் ஸ்பீட்வே (கல்தூள் ட்ராக்கில் நடக்கும் பைக் பந்தயம்) பிரீமியர்ஷிப் லீக்கை வென்றுவிட்டது. 1993க்குப் பிறகு, 29 ஆண்டுகள் கழித்து. அணியை நடத்திய மார்க் லெமனுக்கும், பைக் ஓட்டிய பிரேடி கர்ட்ஸ், மேக்ஸ் ஃபிரிக், மத்தேய் ஜாகர் முதலானவர்களுக்கும் ஊரே நன்றி சொல்லிவிட்டது. நானும் சொல்கிறேன். ஆனால் இந்த மடல் அவர்களை விட, என் அப்பாவை அந்த சீசனுக்குள் சேர்த்துக்கொண்டவர்களுக்குத்தான். ஆங்கிலத்தில் ஒன்று எழுதி ஸ்டேடியத்தில் கொடுத்துவிட்டேன். அப்பா படிக்க வேண்டும் என்பதால் இது தமிழில்.

அப்பா திசையன்விளையில் நாற்பது வருடம் பைக் பட்டறை வைத்திருந்தவர். அம்மா போன பிறகு பட்டறையை மூடிவிட்டார். ஏப்ரலில் ஆறு மாத விசாவில் இங்கே வந்தபோது, நாள் முழுக்க ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டேன். எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல்தான், வீட்டுக்குப் பக்கத்தில் திங்கட்கிழமை தோறும் சத்தம் கேட்கிறதே என்று நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனேன். எனக்கும் அதுதான் முதல் தடவை.

உள்ளே நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்து மோந்து பார்த்தார். “ஏல, வெளக்கெண்ண வாடைல்லா அடிக்கி?” என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. ஸ்பீட்வே பைக்குகள் பெட்ரோலில் ஓடுவதில்லை, மெத்தனாலில் ஓடுகின்றன. சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலோடு கலக்காது, ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், கலக்கும். அதனால் இன்றும் அந்த எண்ணெயை விடுகிறார்கள். ட்ராக்கில் போட்டிருந்த சிவப்புக் கல்தூளைப் பார்த்து, “நம்ம தேரி மண்ணு மாதிரி இருக்கு” என்று அடுத்து சொன்னார். வந்து மூன்று வாரத்தில் அவராக வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு என் முதல் நன்றி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அப்பா ஒன்றும் புரியாமல் விழிப்பதைப் பார்த்து, தன் கையிலிருந்த பேனாவையும் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தையும் நீட்டி அவர்தான் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். ஒரு ஹீட்டில், அதாவது ஒரு குட்டிப் பந்தயத்தில், நாலு பேர், அணிக்கு இரண்டு பேர். நாலு ரவுண்டு, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆக ஹீட்டுக்கு 6 புள்ளி, 15 ஹீட்டுக்கு 90. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பெரியவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் மொழிபெயர்த்தேன், மூன்றாவது ஹீட்டுக்குப் பிறகு அதுவும் தேவைப்படவில்லை. பட்டறையில் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை. கட்டம் கட்டமாக எண்ணை நிரப்பி, ஓரத்தில் கூட்டிக் காட்டினார். பெரியவர் தன் கூட்டலோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார்.

அடுத்த வாரம் ஜாவா பைக் பேச்சு வந்தது. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவையும், பின்னால் வந்த யெஸ்டியையும் அப்பா எத்தனை பிரித்துப் பூட்டியிருப்பார் என்று கணக்கே இல்லை. 1996இல் அந்தத் தொழிற்சாலை மூடியபோது வீட்டில் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் ஆட்கள் வந்து பேசிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியவர், தான் சிறுவனாக இருந்தபோது ஹைட் ரோடு பழைய ஸ்டேடியத்தில் செக் நாட்டு ஜாவாக்கள் ஓடியதைப் பற்றிச் சொன்னார். ஆறு முறை உலக சாம்பியனான நியூசிலாந்துக்காரர் ஐவன் மேஜர் அப்போது பெல் வ்யூவுக்கு ஓட்டினார், 1970, 71, 72 மூன்று வருடமும் லீக் அவர்களுக்குத்தான். ஜாவா என்ற ஒரு சொல் போதும், அவர்கள் இருவரும் அரை மணி நேரம் கையாலேயே பேசினார்கள்.

பிட்டில், அதாவது பைக்குகளைத் தயார் செய்யும் இடத்தில், வேலை செய்த ஒரு மெக்கானிக் தம்பிக்கு நன்றி. போட்டி முடிந்து கூட்டம் கலையும்போது, கம்பிக்கு வெளியே நின்று பைக்கையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கவனித்துக் கூப்பிட்டார். அது இத்தாலியில் செய்யும் ஜிஎம் எஞ்சின், 500 சிசி, ஒற்றை சிலிண்டர். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பிரேக் லீவரைத் தேடினார். பிரேக்கே கிடையாது, வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்க விட்டு, இடது காலை இரும்புக் கவசத்தோடு தரையில் தேய்த்துத்தான் திருப்புகிறார்கள் என்று அந்தத் தம்பி செய்தே காட்டினார். கிளட்ச்சைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பா வெகு நேரம் கையைக் கழுவவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டோம். சக்கரம் வாரியிறைத்த கல்தூள் அப்பாவின் கண்ணில் விழுந்தது. அங்கே நிற்கலாம் என்று சொன்னது நான்தான், தப்பு என்னுடையது. ஓடிவந்து கண்ணைக் கழுவிவிட்டு, அடுத்த இரண்டு ஹீட்டும் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த முதலுதவிப் பெண்மணிக்கு நான் எப்படி நன்றி சொல்வது? “பார்வை தெரிகிறதா?” என்று கேட்கத் தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

ட்ராக் பணியாளர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில் இங்கிலாந்தில் முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கல்தூள் காய்ந்தால் புழுதி, தண்ணீர் கூடினால் சேறு. டிராக்டர் ஓட்டுபவரும் தண்ணீர் தெளிப்பவரும் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையில்தான் அந்த ஒரு நிமிட ஓட்டம் நிற்கிறது. அடிபட்ட வீரர்களுக்கான நல நிதிக்கு வாளி ஏந்தி நின்றவர்களையும் மறக்கவில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் தன் பையிலிருந்துதான் போடுவார், என் காசை வாங்க மாட்டார்.

அப்புறம், என் வார்டில் வேலை பார்க்கும் நண்பர்கள். திங்கள் மாலை ஷிப்ட்டை ஆறு மாதம் எனக்காக மாற்றிக்கொண்டீர்கள். யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் அப்பாவுக்கென்று கட்டித் தந்த புளிச்சாதம் இல்லாமல் ஒரு போட்டிக்கும் நாங்கள் போகவில்லை. பின்வரிசைப் பெரியவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

விசா முடிந்து அப்பா கிளம்பியபோது இறுதிப் போட்டி பாக்கி இருந்தது. ஷெஃபீல்டோடு இரண்டு ஆட்டம், இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் முடிவு. விமான நிலையத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: “ஹீட் முடிய முடிய எனக்குச் சொல்லணும், மொத்தமா கடைசில சொல்லாத.” அப்படியே ஒவ்வொரு ஹீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது, தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது என்று பக்கத்து வீட்டுச் சித்தி மறுநாள் சொன்னார். பழைய பட்டறை நோட்டில் அவராகவே கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறார். ரிசர்வாக (மாற்று வீரராக) ஓடிய ஜெர்மன் பையன் நோரிக் ப்ளோடார்னின் பெயரை மட்டும் ‘நம்ம பையன்’ என்று எழுதியிருந்தார். படம் எடுத்து அனுப்பினார், பெரியவரிடம் காட்டினேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்தார். இறுதிப் போட்டிக்கு இரண்டு புத்தகம் வாங்கியிருக்கிறார். ஒன்று அவருக்கு. இன்னொன்றிலும் 15 ஹீட்டையும் தன் கையால் நிரப்பி, கூட்டல் போடும் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார், அப்பா போடட்டும் என்று.

அப்பா, அது திங்கட்கிழமை தபாலில் கிளம்பிவிட்டது. வந்ததும் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.