சாம்பலை அள்ளுங்கள், திட்டை வெட்டாதீர்கள்: ஈரநில அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் மறுபடியும் உடைந்தது தங்களுக்குத் தெரியும். கொட்டிய சாம்பலை எடுக்கும் சாக்கில் ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழியையே ஒரே சீராக ஆழப்படுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சாம்பலை அள்ளுங்கள், சேற்றுத்திட்டை வெட்டாதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். அந்தத் திட்டின் ஆழமில்லாத தண்ணீரை நம்பித்தான் சங்குவளை நாரை இரை தேடுகிறது.

கொக்கு மீனைக் கண்ணால் பார்த்துக் குத்தும். சங்குவளை நாரை அப்படியில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். காலால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். அலகில் ஏதாவது பட்டால் சட்டென்று மூடும். கலங்கல் அதற்குப் பொருட்டில்லை, ஆழம்தான் பொருட்டு. ஏழு சென்டிமீட்டர் தண்ணீர் போதும். 25-ஐத் தாண்டினால் சிரமம். ஒரு மீட்டர் தோண்டிவிட்டால் அங்கே நீர்க்காகம் முங்கும், நாரை நிற்காது.

அதே சேற்றில் இருளர்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறால் போடும் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் துழாவுவார்கள். நாரையின் தொழில்தான் அவர்களுக்கும். சாம்பல் படிந்த இடத்தில் மேலே மாவு, அடியில் இறுகிய தளம். இறால் புதைய வழியில்லை. விரலைக் கிளிஞ்சல் கீறும், கீறலில் உப்புத்தண்ணீர் ஏறும், பறி காலியாகவே கரையேறும்.

அள்ளுவதற்கு முன் நீர் வற்றும் நேரத்தில் ஒரு பிவிசி குழாயைச் சேற்றில் குத்தி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து உருவிப் பாருங்கள். மேலே சாம்பல், கீழே கருஞ்சேறு, கோடு போட்டது போலத் தெரியும். அந்தக் கோடு வரை எடுத்தால் போதும். எடுத்ததைக் கரையில் குவித்தால் அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பும். சாம்பல் குழாய் அடிப்பக்கம்தான் முதலில் தேயும். அவ்வப்போது அதைச் சுழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டைக்குச் சாக்கு சுற்றுவது பராமரிப்பு ஆகாது.

நாரை ஏன் வரவில்லை என்று கேட்டால் "வலசை போயிருக்கும்" என்று பதில் வருகிறது. ஐயா, அது சைபீரியப் பறவையல்ல. வேடந்தாங்கலிலும் ஆந்திராவின் நேலப்பட்டிலும் கூடு கட்டும் நம்மூர்ப் பறவை. தண்ணீரும் மீனும் இருக்கும் பக்கம் போகும். கரையோரப் பலகையில் அதைக் 'கொக்கு' என்று வேறு எழுதியிருக்கிறது. இன்றைய வகைப்பாட்டில் கொக்கு கூழைக்கடாவின் வரிசை; நாரைகளுக்குத் தனி வரிசை. அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில் நெடுங்காலம் 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று இருந்த பறவைக்குப் பெயராவது சரியாக இருக்கலாம்.

2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் கசிந்தபோது, எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களைப் படமெடுக்கக் கேமராக்கள் வந்தன. சாம்பல் இறகைக் கறுப்பாக்குவதில்லை, அதனால் யாரும் வருவதில்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் வந்தது. வடசென்னைக்கு வருவது சாம்பல்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்தருளவும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், குப்பத்து மீனவர்களையும் இருளர்களையும் உடன் வைத்து, எங்கே எத்தனை அங்குலம் சாம்பல் என்று அளந்து, அதை மட்டும் அள்ளித்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். திட்டு அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழியின் பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள்