காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது

அன்புள்ள செல்வா,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கண் அப்படியே உங்கள் அம்மா கண். இங்கே நானும் சௌக்கியம், முழங்கால் வலி மட்டும் மழைக்கு எட்டிப் பார்க்கிறது.

சரி, கல்லுக்கு வருகிறேன். சேலத்துக் கஞ்சமலை அடிவாரத்தில் உழும்போது கிடைத்தது, கறுப்பாக இருக்கிறது, தூக்கினால் கனக்கிறது, ஸ்பீக்கர் காந்தம் டக்கென்று ஒட்டுகிறது, அதனால் விண்கல்தான் என்கிறாய். விண்கற்களில் பெரும்பாலானவற்றில் இரும்பு உண்டு, காந்தம் ஒட்டும், அது உண்மை. ஆனால் நீ இருக்கும் இடத்தை யோசித்துப் பார். கஞ்சமலையே மேக்னடைட் இரும்புத்தாது கலந்த பாறைதானே! 1830களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்கியது சேலத்துத் தாதுவை வைத்துத்தான். அங்கே காந்தம் ஒட்டாத கறுப்புக் கல்லைத் தேடுவதுதான் கஷ்டம்.

ஒரு டைல்ஸைத் திருப்பி, வழவழப்பில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தி இழு. கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், செம்மண் நிறத்தில் விழுந்தால் ஹெமடைட் என்ற இன்னொரு இரும்புத்தாது. விண்கல் பொதுவாகக் கோடே போடாது, போட்டாலும் லேசான சாம்பல்தான். எடையை மட்டும் நம்பாதே. சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் அமிழ்த்து. எத்தனை கிராம் கூடுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் கல்லின் அளவு, கல்லின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். சாதாரணக் கல் வகை விண்கல் 3.5ஐ ஒட்டி வரும், சுத்த மேக்னடைட் 5.2. ஆனால் உங்கள் ஊர்ப் பாறையில் மேக்னடைட்டோடு குவார்ட்ஸ் என்ற லேசான வெள்ளைக் கனிமமும் கலந்திருப்பதால் அதுவும் 3.5க்கே வந்து நிற்கலாம், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அதனால் நான் உன் மூன்றாவது படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடுகிறது பார், அந்த வெள்ளை குவார்ட்ஸ். விண்கல்லில் அப்படிக் குவார்ட்ஸ் வரி இருக்காது. புதிதாக விழுந்த விண்கல்லுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கருகிய தோல் இருக்கும், முட்டை ஓடு மாதிரி. உள்ளே பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறம், அதில் ஊசிமுனை அளவு இரும்புப் பொட்டுகள் வெயிலில் மினுங்கும், கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும். உன் கல்லில் தோல் இல்லை, உள்ளும் வெளியும் ஒரே மாதிரிதான்.

மனம் விட்டுவிடாதே செல்வா. 1898ல் கொடைக்கானலில் நிஜமாகவே ஓர் இரும்பு விண்கல் கிடைத்திருக்கிறது, நம் பக்கம் விழாமல் இல்லை. இன்னொரு முறை சந்தேகப்படும்படி ஏதாவது கிடைத்தால் ஸ்பீக்கர் காந்தத்தை மட்டும் அதன்மேல் வைக்காதே. கல்லுக்குள் கோடிக்கணக்கான வருஷமாகப் பதிந்திருக்கும் காந்தச் சுவட்டை அது அழித்துவிடும், ஆய்வாளர்களுக்குத் தேவையானதே அந்தச் சுவடுதான். நூலில் தொங்கவிட்ட சின்ன ஃபிரிட்ஜ் காந்தம் பக்கத்தில் போனாலே சாயும், ஒட்ட வேண்டியதில்லை.

இந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதே. சுமார் 250 கோடி வருஷப் பழசு. பொங்கலுக்கு வருகிறேன், அதுவரை திண்ணையிலேயே இருக்கட்டும். டைல்ஸ் கோடு என்ன நிறம் என்று மட்டும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
ரவி