போன வருஷம் சொன்னது என்ன ஆயிற்று?

வாராவாரம் மைக் முன்னால் உட்கார்ந்து தொழில்நுட்பச் செய்திகளைப் பேசும் பாட்காஸ்ட் நண்பர்களுக்கு,

வணக்கம். துணி மடிக்கும்போது உங்களைக் கேட்கிறவன் நான். ஒன்றேகால் மடங்கு வேகத்தில்தான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வருஷப் பழக்கத்தில், உங்களில் யார் அடுத்து யாரை இடைமறிப்பார் என்பதுகூட அத்துப்படி. அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

2024 மார்ச் கடைசியில் நடந்தது நினைவிருக்கிறதா? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நானாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று விட்டிருப்பேன். அவர் விடாமல் துருவினார். லினக்ஸ் இயங்குதளக் கணினிகளில் பரவலாக இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளுக்குள், வெளியாள் ரகசியமாக நுழைய வழிவிடும் கள்ளக்கதவு ஒன்று இருந்தது தெரியவந்தது. வைத்தவர் திருடனைப் போல இரவில் வரவில்லை. 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பையே வாங்கிக்கொண்டவர். அதுவரை சம்பளமில்லாமல் அதைத் தனியாளாகக் கவனித்து வந்த மனிதர் களைத்துப்போயிருந்தார். முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் 'ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள்' என்று அவரை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளை, பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச்சேரும் முன்பே கதவு பிடிபட்டது.

அந்த வாரம் நான் கேட்ட ஒரு நிகழ்ச்சியில் இதற்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். அதற்கு முன்னால், ஒரு போனின் கேமரா மேடு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று இருபது நிமிஷம் ஓடியது.

வாரம் ஒருமுறை பேசுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சூடு கொஞ்சம் ஆறியிருக்கும். காலையில் வந்த வதந்தி மாலைக்குள் செத்திருக்கும். நீங்களோ ஆறினதை மறுபடி சூடுபண்ணி, ஐந்து நாளும் நாங்கள் திரையில் தள்ளித் தள்ளிப் படித்ததையே பரிமாறுகிறீர்கள்.

அப்புறம் ஜோசியம். 2021 அக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றியபோது, இனி அலுவலகக் கூட்டமெல்லாம் மெய்நிகர் உலகம் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் என்றார்கள். அதே வருஷம், குரலில் கூடிப் பேசும் கிளப்ஹவுஸ் செயலியில் சேர அழைப்புக்கு அலைந்தோம். 2023 ஜூலையில் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேர் ட்விட்டருக்குப் போட்டியாக மெட்டா தொடங்கிய த்ரெட்ஸில் சேர்ந்ததும் ட்விட்டருக்கு இரங்கல் வாசித்தாயிற்று. தப்பாகச் சொன்னது குற்றமில்லை. திரும்பி வந்து 'அன்று இப்படிச் சொன்னோம், நடந்தது இது' என்று யாரும் சொல்வதில்லையே, அதுதான் உறுத்துகிறது.

இணையக் கலாசாரம் என்ற பெயரில் கடைசி ஐந்து நிமிஷம் ஒரு மீமை விளக்குகிறீர்கள். விளக்கினால் ஜோக் போய்விடும், அது வேறு விஷயம். அந்தக் கலாசாரத்தில் சொல்ல வேண்டிய கதைகள் வேறு இருக்கின்றன. ஹேஷ்டேகைக் கொடுத்தது ட்விட்டர் நிறுவனம் இல்லை. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற பயனர், குழுக்களுக்கு # குறியைப் பயன்படுத்தலாமா என்று சாதாரணமாகக் கேட்டுப் போட்ட பதிவில் தொடங்கியது. ஆட்கள் இஷ்டத்துக்குப் பழக்கிக்கொண்டதை நிறுவனம் பிறகுதான் ஏற்றுக்கொண்டது. இந்த மாதிரிக் கதைகளுக்கு ஐந்து நிமிஷம் எப்படிப் போதும்?

நான் கேட்பது இவ்வளவுதான். புது போன் பேச்சில் பத்து நிமிஷத்தை வெட்டுங்கள். அந்த இடத்தில், ஒரு வருஷத்துக்கு முன் இதே வாரம் நீங்கள் பேசிய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டைப் போட்டுவிட்டு, அந்த விஷயம் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், நாங்களும் சிரிப்போம். அந்தப் பகுதியை மட்டும் சாதாரண வேகத்தில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
துணி மடிக்கும் நேயர்