மீட்டரில் காசு தீர்ந்தால் வீடும் குளிர்ந்துவிடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் மாலை நேர வேலை பார்க்கிறேன். ஐரோப்பாவில் மின்சாரம், கேஸ் விலை ஏறியதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ப்ரீபெய்டு மீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பழைய பாக்கி உள்ளவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்கும் இங்கே அந்த மீட்டர்தான். கார்டைக் கடைக்குக் கொண்டுவந்து காசு ஏற்றினால்தான் வீட்டைச் சூடாக்கும் கேஸ் வரும்.

போன ஜனவரியில் ஒரு பாட்டி கிளவுஸைக்கூடக் கழற்றாமல் 5 பவுண்டைச் சில்லறையாக எண்ணி வைத்தார். மறுநாளே திரும்ப வந்தார். கோடையில் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும், குளிர் வந்து காசு போட்டதும் மீட்டர் அந்தப் பாக்கியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வீட்டைச் சூடாக்க மிச்சம் என்ன இருக்கும்?

பாக்கி வைத்தவர்களின் வீட்டுக்குள் கேஸ், மின்சார நிறுவனங்கள் கோர்ட் வாரண்டோடு புகுந்து இந்த மீட்டரை மாட்டுவதை 2023 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். மறு வருடமே நிபந்தனைகளோடு மறுபடி அனுமதித்துவிட்டார்கள். பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பாக்கி இருந்தாலும் வீட்டின் மின்சார, கேஸ் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே துண்டிக்க ஆளே வர வேண்டாம், காசு தீர்ந்தால் தானாக நின்றுவிடுகிறது. கோடையில் சேர்ந்த நிலைக்கட்டணத்தைக் குளிர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றாவது ஒரு விதி வர வேண்டும், அதுவும் அடுத்த குளிருக்கு முன்பே.

– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்