ஒரே எடை, ஒரே மாத்திரை, வேறு லெவல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுநீரக தானம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தப் பிரிவும் எச்.எல்.ஏ. என்ற திசு வகையும் பொருந்திவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாச்சு என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் கண்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தம்பிக்கு அம்மா கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியது. அப்புறம், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று லெவல் பார்க்கும் படலம் தொடங்கியது. இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை காலை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தம்பி லேப் வாசலில் உட்கார்ந்திருப்பான். லெவல் எட்டுக்கு மேல் இருக்கணும் என்றார்கள். அது நாலைத் தாண்டவே இல்லை.

“மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?” ஒவ்வொரு முறையும் இதே கேள்வி. ஒருநாள் அம்மா காலி அட்டைகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்துப்போய் டாக்டரின் மேஜையில் வைத்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் தம்பியின் எடைதான், அதே அளவு மாத்திரைதான். அவருக்கோ லெவல் ஏறிப்போய், டம்ளர் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது.

மூன்றாம் வாரம் கிரியேட்டினின் 1.9. பயாப்சியில் நிராகரிப்பு என்று வந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். “என் கிட்னிதான் அவனுக்கு ஒத்துக்கலையோ” என்று அம்மா ராத்திரியெல்லாம் அழுதார்.

பிறகு பார்த்த வேறொரு டாக்டர்தான் சி.ஒய்.பி.3ஏ5 என்ற மரபணுவைச் சோதிக்கச் சொன்னார். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது இந்த மரபணு. சிலருடைய கல்லீரலிலும் குடலிலும் அந்த நொதி மும்முரமாக வேலை செய்கிறது, மருந்து ரத்தத்தில் சேர்வதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. தம்பி அந்த ரகம். குறை அம்மாவின் சிறுநீரகத்தில் இல்லை, தம்பி மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியதும் லெவல் ஒன்பதுக்கு வந்தது.

ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்கு இந்த நொதி வேலை செய்வதில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் பெரும்பாலோருக்கு வேலை செய்கிறது. நம்மிடையே இரண்டு வகையினரும் நிறையப் பேர். எடையை வைத்து மட்டும் மாத்திரை கொடுப்பது இங்கே எப்படிச் சரியாகும்? இந்த நொதி வேலை செய்வது முன்கூட்டியே தெரிந்தால், தொடக்க அளவை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூட்டலாம் என்று சிபிக் என்ற சர்வதேச அமைப்பு 2015-லேயே வழிகாட்டியிருக்கிறது.

இதனால் லெவல் சீக்கிரம் சரியாகும், ஆனால் நிராகரிப்பு குறையும் என்பது இன்னும் உறுதியாக நிரூபணமாகவில்லை என்பதையும் அந்த டாக்டரே சொன்னார். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் மூன்று வாரம் இருட்டில் தடவாமல் இருக்கலாமே! மரபணு மாறப்போவதில்லை, ஆயுளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு இடம் உண்டு. இந்தச் சோதனைக்கான செலவும் அதற்குள் வர வேண்டும். எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்க ரத்தம் எடுக்கும் அன்றே இதற்கும் ஒரு குழாய் சேர்த்து எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்