புது எஞ்சினின் முதல் 20 மணி நேரம்

சட்பரி, ஒன்டாரியோ
அக்டோபர் 14

அன்புள்ள ராசு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்காலுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. 35 வருஷம் லேத்துக்கு முன்னால் நின்ற கால் அது. இனிமேலாவது பட்டறையில் ஒரு உயர ஸ்டூல் போட்டுக்கொள். தங்கச்சிக்குத் தனியாகப் போன் போட்டு இதைச் சொல்லத்தான் போகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் பிர்ச் மரமெல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிட்டது, காலையில் 2 டிகிரி, 3 டிகிரி. நானும் ஒரு வழியாக ஏடிவி வாங்கிவிட்டேன். நாலு சக்கர மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்: அகலமான டயர், ஹேண்டில்பார், குதிரை மேல் உட்காருகிற மாதிரி சீட். எங்கள் வீடு ஊருக்கு வெளியே காட்டோரம். அடுப்புக்கு விறகு இழுக்க வேண்டும், நவம்பரில் பனி கொட்டத் தொடங்கினால் ரோடு வரைக்கும் தள்ள வேண்டும். இத்தனை வருஷம் கைவண்டியும் மண்வெட்டியும்தான். இடுப்பு இனித் தாங்காது.

வண்டி யமஹா கோடியாக் 450. பேரில்தான் 450, எஞ்சின் 421 சிசி. ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 84.5 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 75. அந்தப் போர் அளவைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அன்னூர்க்காரர் எஞ்சின் 80 போர், மறந்திருக்க மாட்டாய்.

உன் பையன் புது பைக் எடுத்திருக்கிறான், “இப்ப வர்ற எஞ்சினுக்கெல்லாம் ரன்னிங் இன் தேவையில்லைப்பா” என்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய். நான் இப்போது அந்த வேலையின், அதாவது புது எஞ்சினைப் பக்குவமாக ஓட்டிப் பழக்குகிற வேலையின், நடுவில்தான் இருக்கிறேன். மீட்டரில் 14 மணி நேரம் காட்டுகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவனிடமும் படித்துக் காட்டு.

முதலில் அந்த அன்னூர் எஞ்சின். 1986 என்று நினைக்கிறேன், ஆவாரம்பாளையம் பட்டறையில் நமக்கு இரண்டாவது வருஷம். கிணற்று மோட்டாருக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த 5 குதிரைசக்தி ஆயில் எஞ்சின். சிலிண்டரின் உள்சுவரான லைனர் புதுசு, பிஸ்டன் புதுசு, அதைச் சுற்றியிருக்கும் ரிங்கும் புதுசு. லைனர் சுவரைக் கல்லால் தேய்த்துக் கோடு போடுகிற ஹோனிங்கை நீதான் அடித்தாய். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னின மாதிரி விழுந்திருந்தன, முதலாளியே டார்ச் அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் நாம் என்ன செய்தோம்? புது எஞ்சின், கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று லோடே இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஐடிலில், சும்மா மெதுவாக, ஓட விட்டோம். குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி பார்த்துக்கொண்டோம்.

மூணு வாரத்தில் அவர் திரும்பி வந்தார். நீலப் புகை, தினமும் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது, தண்ணீர் பாதிதான் வருகிறது, வெங்காயம் காய்கிறது. ஹெட்டைக் கழற்றினால் லைனர் கண்ணாடி மாதிரி மின்னியது. நீ அடித்த கோடு ஒன்று கூடத் தேயவில்லை. கோட்டுக்கு மேலே வார்னிஷ் பூசினது போலப் பழுப்பாக ஒரு படலம். விரல் நகத்தால் சுரண்டினோம், வரவில்லை. அந்த மனிதர் நம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. தோளில் துண்டோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த உட்காருகையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தப்பு எங்கே என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் முழுசாகப் புரிந்தது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த ஸ்பிரிங் விசை மட்டும் என்று நாம் நினைத்திருந்தோம். அது சின்னப் பங்குதான். எரியும் வாயு ரிங்குக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாக அதன் முதுகுப் பக்கம் புகுந்து வெளியே தள்ளுகிறது, பெரிய பலம் அதுதான். லோடு இருந்தால்தான் அந்த அழுத்தம் வரும். அப்போதுதான் ரிங்கின் விளிம்பும் ஹோனிங் கோடுகளின் கூர்முனையும் ஒன்றையொன்று உரசி, ஒன்றின் வடிவத்துக்கு இன்னொன்று பொருந்தும். ஐடிலில் அழுத்தம் இல்லை, ரிங் உட்காரவில்லை. உட்காராத ரிங்கைத் தாண்டி மேலே போன ஆயில் சுவரிலேயே வெந்து படிந்துவிட்டது. பள்ளம் மூடிவிட்ட பிறகு எவ்வளவு ஓட்டினாலும் உரசுவதற்கு அங்கே முனையே கிடையாது. மறுபடி ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்டி, இந்தத் தடவை நேராகக் கிணற்றுக்கே கொண்டுபோய்த் தண்ணீர் இறைக்கவிட்டோமே, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து. அதற்கப்புறம் அந்த எஞ்சின் நம் பட்டறைப் பக்கம் வரவே இல்லை.

இங்கே சிலர் நேர் எதிராகச் சொல்கிறார்கள். புது வண்டியை முதல் நாளே ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து முழு த்ராட்டிலில் விரட்டு, அப்போதுதான் ரிங் உட்காரும் என்கிறார்கள். அழுத்தம் வேண்டும் என்கிற பாதி உண்மை அதில் இருக்கிறது. மறுபாதி சூடு. புது முனைகள் உரசுகிற இடத்தில் சூடு அதிகம். அந்த நேரத்தில் இடைவிடாமல் விரட்டினால் ஆயில் படலம் அறுந்து, பிஸ்டனின் கீழ்ப்பாகமான பாவாடையில் கீறல் விழும். சிலிண்டருக்குள் இறுகி சீஸ் ஆன பிஸ்டன் எத்தனையை நாம் சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறோம். ஆக, லோடு கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், ஆற விட வேண்டும். ஒரே வேகத்தில் நிறுத்தவே கூடாது. இதைத்தான் நான் நம்புகிறேன்.

யமஹா மேனுவலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. முதல் 10 மணி நேரம் பாதி த்ராட்டிலுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 முதல் 10 நிமிஷம் எஞ்சினை ஆற விடு. வேகத்தை அவ்வப்போது மாற்று. 10லிருந்து 20 மணி நேரம் வரைக்கும் முக்கால் த்ராட்டிலுக்கு மேல் நெடுநேரம் வேண்டாம். “தொடர்ந்து” என்ற அந்தச் சொல்லைப் பையனிடம் அழுத்திச் சொல். பாதிக்கு மேல் போகவே கூடாது என்று அர்த்தமில்லை, அங்கேயே பிடித்து வைக்கக் கூடாது என்றுதான் அர்த்தம்.

முதல் நாள் நான் செய்தது இதுதான். காலையில் 3 டிகிரி. பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்து, த்ராட்டிலைத் தொடாமல் சில நிமிஷம் சும்மா விட்டேன். சிலிண்டர் சூடானதும் கிளம்பிவிட்டேன், அதிக நேரம் ஐடிலில் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து ஒரு காட்டுப் பாதை மேடும் பள்ளமுமாகப் போகிறது. இந்த ஊர் முழுக்கப் பாறைதானே, சமதரை கொஞ்சம்தான். ஏடிவியில் த்ராட்டில் கட்டைவிரலால் தள்ளுகிற லீவர். மேடு வந்தால் பாதி வரைக்கும் தள்ளுவேன், எஞ்சின் குரல் கனக்கும். உச்சியில் விரலை முழுசாக எடுத்துவிடுவேன். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அப்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, சுவருக்கு ஆயிலை இழுக்கும், உரசி விழுந்த தூளைக் கழுவும், சூடும் தணியும். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். இதைவிட நல்ல ரன்னிங் இன் ரோடு காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒரு மணி நேரம் ஆனதும் மரத்தடியில் நிறுத்தி ஃபிளாஸ்க் டீயைக் குடித்தேன். சூடான புது எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் போடுமே, அது கேட்டுக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம்.

குளிர் தேசத்தில் இன்னொரு சங்கடம் உண்டு, உனக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஐந்து நிமிஷம் ஓட்டி அணைப்பது, திரும்ப ஐந்து நிமிஷம் ஓட்டுவது என்று இருந்தால் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. ஈரமும் எரியாத பெட்ரோலும் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், மூடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதனால் தபால் பெட்டி வரைக்கும் போய்வர இதை எடுப்பதில்லை. எடுத்தால் முழுசாகச் சூடாகும் வரை ஓட்டித்தான் நிறுத்துவேன்.

முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில் என்று அட்டவணை. எனக்கு மனசு கேட்கவில்லை, 5 மணி நேரத்திலேயே ஒரு தடவை இறக்கிவிட்டேன். சூடாக இருக்கும்போதே டிரெயின் போல்ட்டைக் கழற்றி, ஒரு வெள்ளை எனாமல் தட்டில் பிடித்து வெயிலில் வைத்தேன். ஆயில் இன்னும் தேன் நிறத்தில்தான் இருந்தது. ஆனால் தட்டை லேசாகச் சாய்த்தால் உள்ளே வெள்ளிப் பொடி கலந்த மாதிரி ஒரு மினுமினுப்பு அலை அலையாக நகர்ந்தது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன். மைதா மாவு மாதிரி வழுக்கியது, நறநறப்பு இல்லை. செதில் இருந்திருந்தால்தான் பயம். இந்தத் தூள்தான் நல்ல சகுனம், இது வந்தால் உரச வேண்டியது உரசுகிறது என்று அர்த்தம். ஆனால் வந்த தூளை உள்ளேயே விட்டுச் சுற்ற வைப்பானேன்?

ஆயில் விஷயத்தில் பையனுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறுகிறது, அவன் பைக்கிலும் அப்படித்தான் இருக்கும். காருக்கான, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வழவழப்பு ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இப்படி ஊறுகிற கிளட்சுக்கான தரக்குறி ஜாசோ எம்ஏ, அது டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். கிரேடு மேனுவலில் இருப்பதுதான்.

இனி அவன் கேள்வி. இன்றைய எஞ்சின்கள் நம் காலத்து மாதிரி இல்லை, அதில் அவன் சொல்வது சரிதான். ஹோனிங் முடிந்த பிறகு மெல்லிய கல்லால் கூர்முனைகளை மட்டும் சீவிவிடுகிறார்கள், பள்ளம் மட்டும் ஆயிலைத் தேக்கிவைக்க மிஞ்சுகிறது. பாதி ரன்னிங் இன் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. பல எஞ்சின்களில் இரும்பு லைனரே கிடையாது. அலுமினியச் சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. நிக்கல் இங்கே எங்கள் காலடியில் தோண்டுகிற சாமான், இங்கே எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி சுரங்கத்து வேலைதான். சிலிக்கான் கார்பைடு உன் பச்சை ஹோனிங் கல்லில் இருப்பது. நீ சுவரைத் தேய்த்த கல்லையே இப்போது சுவராக்கிவிட்டார்கள், ராசு! அது லேசில் தேயாது, தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடவும் முடியாது. அதனால் நான் பார்த்தவரை இன்றைய எஞ்சினுக்கு ரன்னிங் இன் நேரம் குறைந்திருக்கிறதே தவிர, தேவை போய்விடவில்லை. ரிங் ரிங்தான், சுவர் சுவர்தான். முதல் தடவை அவை சந்திக்கும் நேரம் ஒரு தரம்தான் வரும்.

இதில் எஞ்சின் மட்டுமல்ல, கியருக்குப் பதிலாக வி-பெல்ட். புது பெல்ட்டும் புல்லியோடு பழக வேண்டும், பிரேக் பேடும் டிஸ்க்கோடு பழக வேண்டும். அதனால் 10 மணி நேரம் வரை விறகு வண்டியை மாட்டவே இல்லை. போன ஞாயிறுதான் முதல் தடவையாக அரை வண்டி மேப்பிள் கட்டையை இழுத்தேன். மேட்டில் குரல் மாறவில்லை, புகை இல்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் துளியும் இறங்கவில்லை.

பாக்கி 6 மணி நேரம். 20 ஆனதும் ஆயில் இன்னொரு தடவை, அதோடு வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு மேலே விட வேண்டிய இடைவெளி, பார்க்க வேண்டும். அதை அளக்கும் மெல்லிய தகடுகள் இருக்கும் ஃபீலர் கேஜ் பெட்டியைத் தேடினால், நான் கிளம்பும்போது நீ கொடுத்தது, இன்னும் உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியபடியே இருக்கிறது. மூணாவது தகடு மட்டும் நுனி வளைந்துவிட்டது. வரும் சனிக்கிழமை டேங்க் கவரைக் கழற்றி உட்காரப்போகிறேன். உனக்கு அப்போது சாயங்காலம் இருக்கும், வீடியோவில் வா. பையனையும் பக்கத்தில் உட்கார வை.

தங்கச்சிக்கு என் அன்பு. காலைப் பார்த்துக்கொள்.

உன்
செல்வம்